சொல்லும் சட்டமும் தந்த ரஃபேல் லெம்கின்

ஆண்டுதோறும் டிசம்பர் 10ஆம் நாளை மனித உரிமை நாளாகக் கொண்டாடுகிறோம். கல்லூரிகளில் உறுதிமொழி எடுக்கிறோம். பேச்சுப் போட்டி நடத்துகிறோம். 1948ஆம் ஆண்டு அந்நாளில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது என்பது நம்மில் பலருக்கும் தெரிந்ததே. அதற்கு முந்திய நாள், அதே பாரிஸ் மாநகரில், அதே மாளிகையில், அதே சபை இன்னொன்றையும் நிறைவேற்றியது என்பதை அறிந்தவர் மிகச் சிலர். மறுநாள் வந்த பிரகடனம் நாடுகள் உலகின் முன் சொன்ன நல்வாக்கு. அதை மீறிய நாட்டை நீதிமன்றத்தில் நிறுத்த அதில் வழி இல்லை. முந்திய நாள் வந்ததோ உடன்படிக்கை. ஏற்பு அளித்த நாட்டைச் சட்டப்படி கட்டுவது. இனப்படுகொலையைத் தடுத்தலும் தண்டித்தலும் பற்றிய அந்த உடன்படிக்கையே ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய முதல் மனித உரிமை ஒப்பந்தமாகும். அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் வல்லரசின் தலைவரல்லர். பதவியும் பணமும் இல்லாத, பிறந்த நாட்டையும் பெற்றோரையும் இழந்த ஒரு வழக்கறிஞர். அவர் பெயர் ரஃபேல் லெம்கின்.

1900ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் லெம்கின் பிறந்தார். அவர் பிறந்த சிற்றூர் அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்தது. முதல் உலகப் போருக்குப்பின் போலந்துக்குப் போனது. இன்று பெலாரசில் இருக்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அரசுகள் அதன்மேல் மாறி மாறி வந்தன. குடும்பம் யூதக் குடும்பம். யூதர் நிலம் வைத்துக்கொள்ள அந்நாளைய சட்டம் இடம் தரவில்லை. ஆகவே தந்தை குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர்செய்தார். தாய் பெல்லா ஓவியம் தீட்டுபவர், பல மொழிகள் படித்தவர். பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடம் அவர்தான்.

சியன்கியேவிச் என்ற போலந்து எழுத்தாளரின் குவோ வாடிஸ் என்ற நாவல் சிறுவன் கையில் கிடைத்தது. ரோமாபுரி மன்னன் நீரோ கிறிஸ்தவர்களைச் சிங்கங்களுக்கு இரையாக்கிய கதை. அவர்களுக்கு ஏன் காவலர் உதவிக்கு வரவில்லை என்று அவன் தாயைக் கேட்டானாம். குழந்தைத்தனமான கேள்விதான். ஆனால் கொல்லுகிறவனே அரசனாக இருக்கும்போது காவலரை அழைப்பது யார், எங்கிருந்து அழைப்பது என்பதைச் சட்ட அறிஞர்களும் அன்றுவரை கேட்டுப் பார்த்ததில்லை. 1906ஆம் ஆண்டு, அவர்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத பியாலிஸ்டாக் நகரில் யூதர்மீது பெரும் வன்முறை நடந்தது. ஆறு வயதுப் பையனுக்கு நாவலில் படிக்கப்போவது முன்னதாகவே பக்கத்து ஊரில் நடந்துவிட்டது.

லெம்கினின் வாழ்க்கையைத் திசை திருப்பிய வழக்கு 1921இல் பெர்லினில் நடந்தது. அவ்வாண்டு மார்ச் 15ஆம் நாள், அந்நகரத் தெருவில் நடந்து சென்ற ஒருவரை ஓர் இளைஞன் சுட்டுக் கொன்றான். இறந்தவர் தலாத் பாஷா. துருக்கி உதுமானியப் பேரரசின் உள்துறை அமைச்சராக இருந்தவர். 1915 முதல் இலட்சக்கணக்கான ஆர்மீனியர் அழிக்கப்பட்டதற்கு முதற்பொறுப்பாளர். சுட்டவன் சோகோமோன் தெஹ்லிரியன். அந்த அழிவில் குடும்பத்தைப் பறிகொடுத்த ஆர்மீனியன். தலாத்துக்கு 1919இலேயே கான்ஸ்டான்டிநோபிள் நீதிமன்றம் ஒன்று, ஆள் இல்லாமலே விசாரித்து மரண தண்டனை விதித்திருந்தது. ஆனால் அவர் ஜெர்மனியில் பத்திரமாக வாழ்ந்துகொண்டிருந்தார். தீர்ப்பு இருந்தது, நிறைவேற்றக் கை இல்லை. தெஹ்லிரியன்மீதான விசாரணை இரண்டே நாளில் முடிந்தது. நடுவர் குழு அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தது.

அந்நாளில் லெம்கின் போலந்தின் லுவோவ் நகரப் பல்கலைக்கழக மாணவர். இந்த வழக்கைப் பற்றித் தம் பேராசிரியர் ஒருவரிடம் வாதாடினார். ஒருவனைக் கொன்ற இளைஞனைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். இலட்சம் பேரைக் கொன்றவரை ஏன் எவரும் கைது செய்யவில்லை என்பது மாணவரின் கேள்வி. கோழி வளர்க்கும் குடியானவன் தன் கோழிகளைத் தானே கொன்றால் அடுத்த வீட்டுக்காரன் கேட்க முடியாது. கேட்டால் அத்துமீறி நுழைந்தவனாவான் என்று பேராசிரியர் விளக்கினாராம். அரசின் இறைமை என்ற கொள்கைக்கு அவர் தந்த உவமை அது. மக்கள் கோழிகளல்லர் என்று மாணவர் திருப்பிச் சொன்னார். பேராசிரியர் கொடியவரல்லர், அன்றிருந்த சட்டத்தை உள்ளபடி சொன்னார், அவ்வளவே. வேற்று நாட்டவனைத் துன்புறுத்தினால் கேட்கச் சட்டம் இருந்தது. சொந்தக் குடிமக்களைக் கொன்றால் கேட்கச் சட்டம் இல்லை. வகுப்பறையில் ஆசிரியருடன் நடந்த ஒரு வாதம் வாழ்நாள் முழுதும் நீண்ட கதை இது. மாணவராகிய நாம் இந்த இடத்தில் சற்று நின்று போகலாம்.

பட்டம் பெற்று, வார்சாவில் அரசு வழக்கறிஞராகப் பணியேற்றார். 1933ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அவ்வாண்டே ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் கூடிய பன்னாட்டுக் குற்றவியல் அறிஞர் மாநாட்டுக்கு லெம்கின் ஒரு திட்டம் அனுப்பினார். ஒரு மக்கட் கூட்டத்தை அழிக்க முற்படுவதற்குக் காட்டுமிராண்டித்தனம் என்றும், அதன் கலைச் செல்வங்களை அழிப்பதற்கு நாசவேலை என்றும் இரு குற்றங்களை வகுத்தார். அக்குற்றவாளி எந்த நாட்டில் பிடிபட்டாலும் அந்த நாடே அவனைத் தண்டிக்கலாம் என்பது திட்டத்தின் உயிர்நாடி. போலந்து அரசு அவரை மாட்ரிட் போக விடவில்லை. தாள்கள் மட்டும் போய்ச் சேர்ந்தன; மாநாடு அவற்றை ஏற்கவில்லை. மறு ஆண்டே அரசுப் பணியும் போயிற்று. தனி வழக்கறிஞராக நன்றாகவே சம்பாதித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படியே இருந்திருந்தால் வார்சாவின் வசதியான வழக்கறிஞர்களில் ஒருவராகிப் பின்னர் மற்றவர்களோடு அவரும் அழிந்திருப்பார்.

1939 செப்டம்பரில் ஜெர்மன் படை போலந்தில் நுழைந்தது. லெம்கின் வார்சாவை விட்டு வெளியேறினார். ஏறிய ரயில் குண்டுக்கு இரையாயிற்று. காடுகளில் ஒளிந்தும் நடந்தும் கிழக்கு நோக்கிப் போனார். வழியில் துப்னோ என்ற ஊரில் ரொட்டி சுடும் யூதர் ஒருவர் வீட்டில் தங்கினார். ஹிட்லர் என்ன செய்யப் போகிறார் என்று எடுத்துச் சொல்லி, தப்பிப் போகும்படி வேண்டினார். அந்த மனிதர் நம்பவில்லை. முதல் உலகப் போரிலும் ஜெர்மானியர் வந்தார்கள், ரொட்டி விற்றோம், பிழைத்தோம். இப்போதும் பிழைப்போம் என்பது அவர் கணக்கு. பெற்றோரும் ஏறக்குறைய அதே மனநிலையில்தான் இருந்தார்கள். வோல்கோவிஸ்க் ஊரில் அவர்களைக் கண்டு அழைத்தார். வயதான காலத்தில் வீட்டை விட்டு வர அவர்கள் இசையவில்லை. மகன் மட்டும் புறப்பட்டார். அதன்பின் அவர்களை அவர் பார்க்கவில்லை.

லிதுவேனியா வழியாக 1940இல் சுவீடன் சேர்ந்தார். சில மாதங்களில் அந்நாட்டு மொழியைக் கற்று ஸ்டாக்ஹோமில் சட்டச் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கினார். அங்கேதான் அவருடைய உண்மையான வேலை தொடங்கிற்று. ஜெர்மனி பிடித்த நாடுகளில் அது வெளியிட்ட ஆணைகளை, அரசிதழ்களை, அறிவிப்புகளைச் சேகரித்தார். யாருக்கு எவ்வளவு உணவுப் பங்கீடு, யார் யாரை மணக்கலாம், எந்த மொழியில் பள்ளி நடக்கும், யாருடைய சொத்து பறிமுதல் என்று ஒவ்வொன்றும் அச்சிட்ட சட்டமாக இருந்தது. தனித்தனியே பார்த்தால் ஆட்சியாளரின் கெடுபிடி. ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஒரு திட்டம். கொலைகாரன் தன் குற்றத்தைத் தானே அரசிதழில் எழுதி வைத்திருந்தான்; அதைப் படித்துப் பார்க்கும் பொறுமை ஒரு வழக்கறிஞருக்கு இருந்தது.

1941இல் சோவியத் நாடு முழுவதையும் ரயிலில் கடந்து, ஜப்பான் வழியாகக் கப்பலேறி, அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கா அடைந்தார். வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகம் அவருக்கு இடம் தந்தது. போலந்தின் குற்றவியல் சட்டத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர அவரோடு உழைத்த பேராசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். ஜூன் மாதத்தில் பெற்றோரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நலமாக இருப்பதாகவும் மகனை நினைத்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அம்மாதம் 22ஆம் நாள் ஜெர்மனி கிழக்கே பாய்ந்தது. கடிதங்கள் நின்றன. போர் முடிந்தபின் அவருக்குத் தெரியவந்த கணக்கு, பெற்றோர் உட்பட உறவினர் 49 பேர் மாண்டார்கள் என்பது. தமையன் எலியாஸ், அவர் மனைவி, பிள்ளைகள் ஆகியோரே எஞ்சினர்.

1944 நவம்பரில், அச்சு நாடுகள் பிடித்த ஐரோப்பாவில் நடத்திய ஆட்சி பற்றிய அவருடைய பெருநூல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் ஒன்பதாம் அதிகாரத்தின் தலைப்பு உலகம் அதுவரை கேட்டிராத ஒரு சொல். ஜெனோசைட். இனம், குலம் என்று பொருள்படும் ஜெனோஸ் என்ற கிரேக்கச் சொல்லையும், கொலையைக் குறிக்கும் இலத்தீன் விகுதியையும் சேர்த்து அவரே ஆக்கியது. நம் தமிழில் வழங்கும் இனப்படுகொலை என்ற சொல்லும் அதே முறையில் இரு சொல் புணர்ந்து அமைந்ததுதான். மாட்ரிட்டில் அவர் சொன்ன காட்டுமிராண்டித்தனம் யாரையும் அசைக்கவில்லை. அது எதற்கும் பொருந்தும் வசைச்சொல். புதிய சொல் ஒன்றையே குறித்தது. வேறு எதையும் குறிக்கவில்லை. பெயரில்லாத குற்றத்தை எந்த நீதிபதியும் விசாரிக்க இயலாது. இக்கட்டுரையாளரின் எண்ணத்தில், லெம்கினின் முதற் சாதனை சட்டமன்று, அச்சொல்லே.

சொல் விரைவில் நீதிமன்றம் ஏறியது. 1945 அக்டோபரில் நூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்கள்மீது கொடுக்கப்பட்ட குற்றப்பத்திரிகையில் அது இடம்பெற்றது. ஆனால் 1946 அக்டோபர் 1ஆம் நாள் முடிந்த தீர்ப்பில் அச்சொல் ஓரிடத்திலும் இல்லை. பன்னிருவருக்குத் தூக்கு விதித்த அந்த நீதிமன்றம், போரோடு தொடர்புடைய கொடுமைகளை மட்டுமே தன் வரம்புக்குள் எடுத்துக்கொண்டது. அதாவது 1933 முதல் 1939 வரை, அமைதிக் காலத்தில், தன் சொந்தக் குடிகளுக்கு ஹிட்லர் செய்தது விசாரணைக்கு வெளியே நின்றது. பேராசிரியரின் கோழி உவமை நூரம்பர்க்கிலும் செத்துவிடவில்லை. லெம்கின் அத்தீர்ப்பைப் பாரிசில் நோயாளியாக மருத்துவமனையில் படுத்தபடி வானொலியில் கேட்டார்.

நூரம்பர்க் பற்றிப் பேசும்போது ஹெர்ஷ் லாட்டர்பாக்ட் என்பவரையும் சொல்லியாக வேண்டும். அவரும் அதே லுவோவ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், கேம்பிரிட்ஜில் பேராசிரியரானவர். மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற பிரிவு நூரம்பர்க் சாசனத்தில் இடம்பெற உழைத்தவர். அவருக்குத் தனி மனிதனே சட்டத்தின் அலகு. குழுவைக் காக்கிறேன் என்று சட்டம் சொல்லத் தொடங்கினால் நாம், அவர்கள் என்ற பிரிவினையே வலுப்படும் என்று அஞ்சினார். லெம்கினுக்கோ, மனிதர் கொல்லப்பட்டது தனி மனிதராக அன்று, இன்ன இனத்தார் என்பதற்காகவே. அதைச் சட்டம் சொல்லாமல் விடுவது பாதி உண்மை. இருவரில் யார் சரி என்ற வாதம் சட்ட அறிஞரிடையே இன்றும் ஓயவில்லை. லாட்டர்பாக்டின் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் ஓர் ஊரில் ஒரு சாதியார் அல்லது ஒரு மதத்தார் வீடுகள் மட்டும் எரிகிறபோது, எரிந்தது இத்தனை தனி வீடுகள் என்று எழுதும் அறிக்கை எதையோ மறைக்கிறது என்பது நம் நாட்டவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

படுக்கையிலிருந்து எழுந்த லெம்கின் நேரே நியூயார்க் சென்றார். ஐ.நா. பொதுச்சபை அருகே லேக் சக்சசில் கூடியிருந்தது. அவர் எந்த நாட்டுப் பிரதிநிதியும் அல்லர். கூடத்தில் காத்திருப்பார், தாழ்வாரத்தில் வழிமறிப்பார், காலியான அறை கண்டால் உட்கார்ந்து தட்டச்சு செய்வார். அவர் வருவதைக் கண்டு ஒதுங்கிப் போன தூதர்களும் உண்டு. பெருநாடுகளை விட்டுச் சிறுநாடுகளையும் புதுநாடுகளையும் அவர் பிடித்ததில் ஒரு விவேகம் இருந்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவை மூன்று நாடுகள்: கியூபா, பனாமா, இந்தியா. நம் நாடு அன்று முழு விடுதலை பெறவில்லை. தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் விஜயலட்சுமி பண்டிட். 1946 டிசம்பர் 11ஆம் நாள், இனப்படுகொலை பன்னாட்டுச் சட்டப்படி குற்றமே என்று பொதுச்சபை ஒருமனதாக அறிவித்தது.

தீர்மானத்தை உடன்படிக்கையாக்க மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. முதல் வரைவை எழுதிய மூன்று வல்லுநரில் லெம்கினும் ஒருவர். பேரம் நடந்தது. அரசியல் கருத்துக்காக அழிக்கப்படும் குழுக்கள் விடப்பட்டன. ஓர் இனத்தின் மொழியையும் நூல்களையும் கோயில்களையும் அழிக்கும் பண்பாட்டுப் படுகொலை என்ற பகுதியும், லெம்கின் தம் உயிரென மதித்தது, நீக்கப்பட்டது. எஞ்சியது இது: தேசிய, இன, நிற, மதக் குழு ஒன்றை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் எண்ணத்தோடு கொல்லுதல், கடுந்தீங்கு செய்தல், வாழவியலா நிலைமைகளைத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளைப் பிரித்துக் கொண்டுபோதல். போரிலும் குற்றம், அமைதியிலும் குற்றம். இவ்வரையறையில் உயிர்நிலை எண்ணம் என்பதே. பிணங்களை எண்ணினால் போதாது, அழிக்கும் எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டும். நம் மேடைகளில் எந்தக் கொடுமையைக் கண்டாலும் இனப்படுகொலை என்று முழங்குகிறோம். லெம்கின் அதை விரும்பியிருக்க மாட்டார்.

1948 டிசம்பர் 9ஆம் நாள் வாக்களித்த நாடுகள் எல்லாம் ஆதரித்தன, எதிர்ப்பு இல்லை. செய்தியாளர்கள் தேடிச் சென்றபோது, விளக்கணைந்த மண்டபத்தில் தனியே அமர்ந்து அழுதுகொண்டிருந்தாராம். சில நாளில் மீண்டும் மருத்துவமனை. தம் நோய்க்கு உடன்படிக்கையின் பெயராலேயே ஒரு பெயர் சூட்டி, அதற்காக உழைத்த களைப்பே நோய் என்று தாமே சொல்லிக்கொண்டார்.

இருபது நாடுகளின் ஏற்புக் கிடைத்து, 1951 ஜனவரி 12 முதல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1950 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. அமெரிக்காவோ கையெழுத்திட்டதோடு நின்றது. கறுப்பின மக்களை அடித்துக் கொல்லும் தங்கள் நாட்டுக் கொடுமை பன்னாட்டு மன்றம் ஏறிவிடும் என்று தென் மாநிலச் செனட்டர்கள் அஞ்சினர். இந்த இடத்தில் லெம்கின் வழுக்கினார் என்றே சொல்ல வேண்டும். 1951 டிசம்பரில் கறுப்பினத் தலைவர்கள் சிலர் இதே உடன்படிக்கையின் பெயரால் அமெரிக்க அரசுமீது ஐ.நா.வில் மனுக் கொடுத்தபோது, அது இனப்படுகொலையன்று என்று லெம்கின் வெளிப்படையாக மறுத்தார். செனட்டின் ஏற்பைப் பெற வேண்டுமென்ற கவலை அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. சட்டப்படி அவர் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் நசுக்கப்பட்டவர் கதவைத் தட்டும்போது கதவைச் செய்தவரே தாழிட்டது அவர் வாழ்வில் ஒரு கறைதான். அவர் விரும்பிய ஏற்பும் கிடைக்கவில்லை.

யேல், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களில் சிறிது காலம் கற்பித்தார். மணம் செய்துகொள்ளவில்லை. நோபல் அமைதிப் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் பரிசு வரவில்லை. நியூயார்க்கில் ஒற்றை அறையில் கடனோடு வாழ்ந்து, தன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அது முடியுமுன், 1959 ஆகஸ்ட் 28ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்நூல் அச்சேறியது 2013இல்.

அவர் இறப்பதற்கு முந்திய நாள், ஆகஸ்ட் 27ஆம் நாள், இந்தியா உடன்படிக்கைக்கு ஏற்பு அளித்தது. முதலில் முன்மொழிந்த மூவரில் ஒருவரான நாம் ஏற்பு அளிக்கப் பதின்மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டோம். அதிலும் ஒரு நிபந்தனை: நம்மைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு இழுப்பதானால் ஒவ்வொரு வழக்கிலும் நம் சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற செனட்டர் 1967 முதல் செனட் கூடிய நாள்தோறும் எழுந்து இதற்காகப் பேசினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உரைகள். 1988 நவம்பரில் அந்நாடு ஏற்பு அளித்தது.

உடன்படிக்கை ஒரு பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசியிருந்தது. அப்படியொரு நீதிமன்றம் மட்டும் அரை நூற்றாண்டாகக் கட்டப்படவில்லை. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை மக்கள் மாண்டபோதும் இல்லை. யுகோஸ்லாவியா சிதறியபின் 1993இலும், ருவாண்டாவில் நூறு நாளில் இலட்சக்கணக்கான துட்சி மக்கள் வெட்டுண்டபின் 1994இலும் ஐ.நா. பாதுகாப்புச் சபை தனி நீதிமன்றங்களை அமைத்தது. ருவாண்டா நீதிமன்றம் இருந்த ஊர் தான்சானியாவின் அருஷா. அங்கே 1998 செப்டம்பர் 2ஆம் நாள், தபா என்ற ஊரின் தலைவராக இருந்த ஜான் பால் அக்காயேசு இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று அச்சொல்லால் ஒரு மனிதனைத் தண்டித்தது அதுவே முதல் முறை. நிரந்தரக் குற்றவியல் நீதிமன்றம் 2002 ஜூலையில் ஹேக் நகரில் செயல்படத் தொடங்கியது. இந்தியாவும் அமெரிக்காவும் சீனாவும் ரஷ்யாவும் அதில் உறுப்பினரல்ல. 2007இல் ஹேக்கில் உள்ள பன்னாட்டு நீதிமன்றம், ஸ்ரெப்ரெனிகா படுகொலையைத் தடுக்கத் தவறியதற்காகச் செர்பியா உடன்படிக்கையை மீறியது என்று தீர்ப்பளித்தது. கொன்றதற்காக அன்று, தடுக்காததற்காக! ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு காம்பியா, ரோஹிங்கியா மக்களுக்காக மியான்மர்மீது 2019இல் அதே நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. காம்பியாவுக்கும் மியான்மருக்கும் எல்லையுமில்லை, பகையுமில்லை. அடுத்த வீட்டுக்காரன் கேட்கலாம் என்றாகிவிட்டது.

நம் நாட்டுக்குள் நிலைமை வேறு. 1984இல் டெல்லியில் சீக்கியர் கொல்லப்பட்ட வழக்கு ஒன்றில் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் இந்தியச் சட்டத்தில் குற்றங்களாகச் சேர்க்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டி, அந்த இடைவெளியை விரைவில் நிரப்ப வேண்டும் என்றது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தப் பிரிவு இல்லை.